கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? அலைன்மன்ட்டில் கைவைக்க முன்

என்னுடைய கொரோலா 121இன் முன் ரயர் இரண்டும் ஐந்து மாதத்தில் உள் விளிம்பு வழித்துப்போய், நூல் தெரிய நின்றன. வெளியே நின்று பார்த்தால் ரயர் புதிது மாதிரித்தான் இருந்தது. ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுதாக வெட்டிவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் நெஞ்சு பகீரென்றது. அதற்குள் இரண்டு தரம் காசு கொடுத்து அலைன்மன்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணத்தைச் சரிபார்க்கிற வேலை, செய்திருந்தேன். இரண்டு தரமும் மெஷின் தந்த தாளில் எல்லாக் கட்டமும் பச்சை.

கடைசியில் மல்லாவியில் ஒரு மெக்கானிக் அண்ணை ஜக்கு அடித்து, ஒரு கம்பியை உள்ளே விட்டு நெம்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உது அலைன்மன்ட் பிழை இல்லை. லோவர் ஆம் புஷ் பிஞ்சு கிடக்கு. மெஷினிலை நிக்கேக்கை நேர் காட்டும், ஓடேக்கை சில்லு தன்ரை பாட்டுக்குப் போகும்." லோவர் ஆம் என்பது சில்லைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கை, புஷ் அதன் மூட்டில் உள்ள றப்பர். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு குளக்கட்டு வீதியில், மழை அரித்துவிட்ட மதகு ஓரத்தில் சில்லு விழுந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். அலைன்மன்ட் சும்மா இருக்க மாறாது. ஏதோ தேய்ந்திருக்கும், அல்லது வளைந்திருக்கும், அல்லது முன்பு யாரோ பிழையாகத் திருகியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்காமல், ஸ்ரியரிங்கில் இருந்து சில்லைத் தள்ளி இழுக்கும் ரை றொட்டைத் திருகினால் பிழை அப்படியே உள்ளே கிடக்க, ரயர்தான் தொடர்ந்து தேயும்.

வன்னிக்குள் ஓடுகிற வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். ஏ9 நல்ல காப்பெற் வீதி. மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34உம், பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்பு வழியாகப் போகும் ஏ35உம் பெரிய வீதிகள்தான். ஆனால் எங்களில் பலருடைய வீடும் வயலும் அந்த வீதிகளின் கரையில் இல்லை. சந்தியில் திரும்பி உள்ளே இறங்கினால் கிரவல். கோடையில் அந்தக் கிரவல் அலை அலையாகச் சுருண்டு புஷ்சையும், சில்லைத் திரும்பவிடும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட்டையும் தட்டிக்கொண்டே இருக்கும். மாரியில் கிடங்கெல்லாம் தண்ணீரால் மூடிக் கிடக்கும். ஆழம், சில்லு இறங்கின பிறகுதான் தெரியும்.

மூன்று சொற்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். டோ என்பது இரண்டு முன் சில்லுகளும் மேலிருந்து பார்க்க எப்படி நிற்கின்றன என்பது. நாங்கள் நிற்கும்போது இரண்டு பெருவிரலும் உள்நோக்கினால் டோ இன், வெளிநோக்கினால் டோ அவுட். காம்பர் என்பது முன்னால் நின்று பார்க்கும்போது சில்லின் மேல் விளிம்பு உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது. உள்ளே என்றால் நெகட்டிவ், வெளியே என்றால் பொசிட்டிவ். காஸ்டர் என்பது சில்லு திரும்புகிற அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு. சைக்கிளின் முன் போக் சாய்ந்திருப்பதைப் போல. வீட்டில் நாங்கள் திருத்தக்கூடியது பெரும்பாலும் டோ ஒன்றைத்தான். மற்ற இரண்டையும் பார்க்கலாம், ஆனால் பல சிறிய கார்களில் அவற்றுக்குத் திருத்தும் வசதியே கிடையாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்யவேண்டியது

வண்டி குளிர்ந்திருக்கும்போது நான்கு ரயரிலும் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை இறாத்தல் என்று இருக்கும். இடம் வலம் இரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும். அடுத்து சில்லுகளின் உட்பக்கத்தைக் கழுவுங்கள். இது எங்கள் ஊருக்கே உரிய பிரச்சினை. மழைக்குள் ஓடிய வண்டியின் றிம்முக்குள் செம்மண் அப்பிக் காய்ந்து கல்லாக நிற்கும்.

பிறகு ஆட்டிப் பார்த்தல். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கம் ஜக்கு அடியுங்கள். மண் தரையில் ஜக்கு புதையும். அடியில் தடித்த பலகை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்குக் கீழே போகவேண்டாம். தாங்கி வையுங்கள், மேலதிகமாக ஸ்பெயார் வீலையும் கீழே தள்ளிவிடுங்கள். இப்போது சில்லை மணிக்கூட்டு முகமாக நினைத்து, 9க்கும் 3க்கும் இரண்டு கையை வைத்துத் தள்ளி இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் ரை றொட் என்ட், அல்லது உள்ளே றக்கோடு (ஸ்ரியரிங்கை வெட்ட இடம் வலமாக நகரும் பற்சட்டம்) சேரும் ஜொயின்ட். 12க்கும் 6க்கும் வைத்து ஆட்டும்போது தெரிந்தால் போல் ஜொயின்ட், அல்லது சில்லுப் பெயாரிங். இரண்டில் எது என்று அறிய வீட்டில் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட். கடைசியாக லோவர் ஆம் புஷ்களை ஒரு நீளக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். றப்பர் வெடித்திருந்தால், இரும்பை விட்டுக் கழன்றிருந்தால், அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள். நான் இழந்த இரண்டு ரயரும் இந்த ஒரு வரியில்தான் போயின.

அறிகுறி: நேர் வீதியில் ஒரு பக்கம் இழுக்கிறது

நாங்கள் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மழைத் தண்ணீர் வடிய வீதியின் நடு உயர்ந்து கரை தாழ்ந்திருக்கும். அதனால் நல்ல வண்டியும் மெல்ல இடப்பக்கம் சரியும், அது பிழை அல்ல. ஆள் நடமாட்டம் இல்லாத, தூரம் வரை தெரிகிற ஒரு துண்டில், 50 அளவில், ஸ்ரியரிங்கை விரலால் தொட்டபடி மட்டும் ஓடிப் பாருங்கள். முழுதாகக் கையை விடவேண்டாம், மாடு எந்தப் பற்றைக்குள் இருந்து ஏறும் என்று சொல்லமுடியாது. உடனே இழுத்துக்கொண்டு போனால், அல்லது வீதி சரிவுக்கு எதிராக வலப்பக்கம் இழுத்தால், காரணம் வண்டியில் இருக்கிறது.

முதல் சந்தேகம் ரயர். முன் இடது வலதை ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டி ஓடுங்கள். இழுவை மறுபக்கத்துக்கு மாறினால் ரயர்தான், அலைன்மன்ட்டில் ஒன்றும் இல்லை. பக்கச் சுவரில் அம்பு போட்ட, ஒரு திசைக்கு மட்டும் ஓடுகிற ரயருக்கு இப்படிச் செய்யமுடியாது. அதைப் பின் சில்லோடு மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது பிறேக். ஏ9ஆல் வருகிறவர்கள் எப்படியும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி இறங்குவோம். கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து ஒவ்வொரு முன் சில்லுக்கும் கிட்டவாக உள்ளங்கையைக் காட்டுங்கள். தொடவேண்டாம், டிஸ்க் சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கப் பிறேக் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கமும் பிறேக் பிடிக்கும்போது மறுபக்கமும் போனால், திரும்பவும் சொல்கிறேன், லோவர் ஆம் புஷ்.

இவை எல்லாம் சரி என்றால்தான் காம்பர், காஸ்டர். வண்டி பொசிட்டிவ் காம்பர் கூடின பக்கத்துக்கும், காஸ்டர் குறைந்த பக்கத்துக்கும் இழுக்கும். பலர் இந்த இடத்தில் டோவைத் திருகுகிறார்கள். டோவால் வண்டி இழுப்பது அரிது. ஓடும்போது இரண்டு முன் சில்லும் பிழையைத் தங்களுக்குள் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும், வண்டி நேராகவே போகும், ரயர் மட்டும் தேயும்.

அறிகுறி: வண்டி நேராகப் போகிறது, ஸ்ரியரிங் வீல் கோணி நிற்கிறது

கிடங்கில் விழுந்த மறுநாள் இப்படி ஆகியிருந்தால் ரை றொட் அல்லது லோவர் ஆம் வளைந்திருக்கலாம். இடது வலது ரை றொட்டை ஒப்பிட்டுப் பாருங்கள், வளைவு கண்ணுக்கே தெரியும். அலைன்மன்ட் செய்த மறுநாள் என்றால், ஒரு பக்கத்தை மட்டும் திருகியிருக்கிறார்கள். டோ சரியாக இருக்கும், நடு மட்டும் தவறியிருக்கும். பின் அச்சு கோணியிருந்தாலும் இதே அறிகுறி வரும். சிலர் ஸ்ரியரிங் வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டி நேராக்கித் தருவார்கள். அதற்கு விடாதீர்கள். அப்படிச் செய்தால் றக்கின் நடு ஓரிடம், வீலின் நடு வேறிடம் ஆகிவிடும். எயார் பாக் இருக்கிற வண்டியில் அந்த வேலை ஆபத்தும்கூட.

அறிகுறி: ரயர் ஒரு பாங்கில் தேய்கிறது

உங்கள் வண்டி பற்றி ரயர் சொல்லுகிற அளவுக்கு எந்த மெஷினும் சொல்லாது. மாதத்துக்கு ஒருமுறையாவது ஸ்ரியரிங்கை வெட்டி நிறுத்தி உள் விளிம்பு வரை பாருங்கள்.

இரண்டு தோளும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்தால் காற்றுக் கூடுதல். இரண்டு சில்லிலும் உள் விளிம்பு தேய்ந்தால் டோ அவுட், இரண்டிலும் வெளி விளிம்பு என்றால் டோ இன். ஒரே ஒரு சில்லில் மட்டும் விளிம்பு தேய்ந்தால் டோவை விட்டுவிட்டுக் காம்பரைப் பாருங்கள். அந்தப் பக்க ஷொக்கின் தண்டோ ஆமோ வளைந்திருக்கும். அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் ஷொக் செத்துவிட்டது.

கண்ணுக்குத் தெரிய முதலே கைக்குத் தெரிகிற ஒன்று இருக்கிறது. உள்ளங்கையை ரயரின் மேல் வைத்து, வெளி விளிம்பில் இருந்து உள் விளிம்புக்குத் தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. கம்பி தெரிகிற ரயரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கையைக் கிழித்துவிடும். வாளின் பல்லைத் தடவுவதுபோல ஒரு திசையில் வழுவழுவென்றும் மறுதிசையில் சுருக்கென்றும் இருக்கும். உள்ளிருந்து வெளியே வரும்போது கீறினால் டோ இன் கூடுதல். வெளியில் இருந்து உள்ளே போகும்போது கீறினால் டோ அவுட். புது ரயர் போட்டு ஒரு மாதத்திலேயே இதை உணரலாம், ரயரைக் காப்பாற்ற அப்போது நேரம் இருக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்றால் கணக்கைப் பாருங்கள். ரயரின் குறுக்களவு ஏறத்தாழ 600 மி.மீ. மொத்த டோ பிழை வெறும் 5 மி.மீ. என்று வையுங்கள், ஒரு சில்லுக்கு 2.5. அந்தச் சில்லு ஒவ்வொரு கிலோமீற்றர் ஓடும்போதும் 4 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட்டு, வயலுக்கும் போய்வருகிற வண்டிக்கு அந்த உரசல் எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசியுங்கள்.

அறிகுறி: வண்டி அலைபாய்கிறது, நடுங்குகிறது, ஸ்ரியரிங் திரும்பி வருவதில்லை

நேராகப் பிடிக்கமுடியாமல் இடமும் வலமும் அலைந்தால் ஒன்று ஆட்டம், மற்றது டோ அவுட். ஆட்டத்தை மேலே சொன்னபடி பார்த்து முடித்த பிறகே டோ. 80 அளவில் ஸ்ரியரிங் கைக்குள் நடுங்கி, வேகம் குறைய நின்றுவிட்டால் அது பலன்சிங், அல்லது நெளிந்த றிம், அல்லது றிம்முக்குள் காய்ந்து நிற்கும் அந்தச் செம்மண். அலைன்மன்ட்டுக்குக் காசு கொடுக்கவேண்டாம். வளைவில் வெட்டிய ஸ்ரியரிங் தானாக நடுவுக்கு வராவிட்டால் போல் ஜொயின்ட் இறுகியிருக்கலாம், ஷொக்கின் தலைப் பெயாரிங் சிக்கியிருக்கலாம், அல்லது காஸ்டர் மாறியிருக்கலாம்.

அளந்து பார்த்தல்

தேய்ந்தது எல்லாம் மாற்றியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். முதலில் வேண்டியது மட்டமான தரை. எங்கள் ஊரில் அதற்கு நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தைவிட நல்ல இடம் இல்லை. தண்ணீர் வடிய அதிலும் சிறிய சரிவு இருக்கும். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் நான்கு சில்லு நிற்கும் இடத்தையும் பார்த்து, தாழ்ந்த பக்கத்துக்கு ஓட்டுத்துண்டோ பிளைவூட்டோ கொடுங்கள். டிக்கியில் நெல் மூட்டை, உரப்பை எதுவும் இருக்கக்கூடாது. பாரம் இருந்தால் வண்டி தாழும், தாழ்ந்தால் அளவு மாறும்.

முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ரயரின் நடுவில் ஈரச் சோக்கால் ஒரு பட்டை பூசுங்கள். ஒரு கட்டையில் ஆணி அடித்து, அந்தக் கட்டை அசையாமல் தரையில் பாரம் வைத்து, ஆணி நுனி பட்டையில் படும்படி சில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மெல்லிய கோடு ஒன்று ரயரைச் சுற்றி விழும். றிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் இந்தக் கோடு நெளியாது, அதுதான் இதன் அருமை. மற்றச் சில்லுக்கும் அப்படியே.

வண்டியை இறக்கி, முன் பொனற்றை இரண்டு மூன்று தரம் அமுக்கி விடுங்கள். ஜக்கில் இருந்து இறங்கிய சில்லு தன் இடத்தில் சரியாக அமராமல் நிற்கும், அப்படியே அளந்தால் பிழைதான் வரும். அதனால் ஸ்ரியரிங் நேராக இருக்க, வண்டியை ஐந்து மீற்றர் பின்னால் தள்ளி, பிறகு முன்னால் தள்ளிக்கொண்டு வந்து பிறேக் தொடாமல் நிறுத்துங்கள். கடைசி அசைவு எப்போதும் முன்னோக்கியே இருக்கவேண்டும். ஸ்ரியரிங் வீல் அசையாமல் சீற்றோடு ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள்.

இனித் தூக்குக்குண்டு. சில்லின் நடு உயரத்தில், ரயரின் முன் முனையில் உள்ள கோட்டில் நூலைப் பிடித்துக் குண்டை இறக்கினால் தரையில் ஒரு புள்ளி. பின் முனையில் இறக்கினால் இன்னொன்று. இரண்டு சில்லுக்கும் சேர்த்து நான்கு புள்ளி. வண்டியைத் தள்ளிவிட்டு, முன் புள்ளி இரண்டுக்கும் இடையையும் பின் புள்ளி இரண்டுக்கும் இடையையும் நாடாவால் அளவுங்கள். எஞ்சின் குறுக்கே நிற்கும் பிரச்சினையே இல்லை. முன் அளவு குறைந்தால் டோ இன், பின் அளவு குறைந்தால் டோ அவுட். மூன்று தரம் அளந்து, மூன்றும் ஒரு மி.மீ.க்குள் ஒத்துவந்தால் நம்புங்கள். முன் சில்லு இழுக்கிற சிறிய கார்கள் பலவற்றில் வரவேண்டிய அளவு பூச்சியத்துக்குக் கிட்ட, இரண்டொரு மி.மீ. இங்கே அங்கே. உங்கள் வண்டியின் கைநூல் சொல்லுவதே முடிவு.

அதே குண்டால் காம்பரையும் பாருங்கள். மட்காட்டில் இருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலில் இருந்து றிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியே அளவுங்கள். 15 அங்குல றிம்மில் 6, 7 மி.மீ. வித்தியாசம் ஒரு பாகை. இடத்துக்கும் வலத்துக்கும் ஒரு பாகைக்கு மேல் வேறுபட்டால் ஏதோ வளைந்திருக்கிறது. அந்த நிலையில் டோவைத் தொடவேண்டாம்.

திருகுதல்

முதல் நாள் இரவே ரை றொட்டின் லொக் நட்டுக்குத் துருநீக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். காலையில் நட்டுக்கும் என்ட்டுக்கும் றொட்டுக்கும் குறுக்கே பெயின்ற்றால் ஒரு கோடு போடுங்கள். வழி தவறினால் திரும்பிவர அது வேண்டும். என்ட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இளக்குங்கள். றக்கின் றப்பர் உறை றொட்டில் இறுகியிருக்கும் கிளிப்பைக் கழற்றிவிடுவதை மறக்கவேண்டாம். கழற்றாமல் றொட்டைச் சுற்றினால் உறை முறுக்கிக் கிழியும், கிழிந்த உறைக்குள் எங்கள் ஊர்ப் புழுதி போனால் றக்கே போய்விடும்.

றக் சில்லு அச்சுக்குப் பின்னால் இருந்தால் றொட் நீள டோ இன், குறுக டோ அவுட். முன்னால் இருந்தால் மறுதலை. குனிந்து பார்த்து உறுதிப்படுத்துங்கள். எத்தனை சுற்று என்றால், பல சிறிய கார்களில் ஒரு பக்கத்தில் முழுச் சுற்றுக்கு 6, 7 மி.மீ. மாறும். ஆகவே கால் சுற்று, அதையும் இரண்டு பக்கமும் சமமாக. 3 மி.மீ. மாற்றவேண்டுமென்றால் இரு பக்கமும் கால் சுற்று. ஒரு பக்கத்தில் மட்டும் திருகாதீர்கள், ஸ்ரியரிங் வீல் கோணிவிடும்.

வீல் மட்டும் கோணியிருந்தால் இரண்டையும் எதிர் எதிராகத் திருகவேண்டும். பின்னால் றக் உள்ள வண்டியில் வீல் இடப்பக்கம் சரிந்து நின்றால் இடது றொட்டைக் குறுக்கி, அதே அளவு வலது றொட்டை நீட்டுங்கள். மொத்த டோ மாறாது.

திருகும்போது சில்லு தரையில் ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். ஒவ்வொரு முன் சில்லுக்கும் கீழ் உரப்பைத் துண்டு இரண்டை, நடுவில் கிறீஸ் பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வழுக்கிக் கொடுக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தரமும் பின்னால் தள்ளி முன்னால் கொண்டுவந்து அளக்கவேண்டும். ஸ்ரெபிலிற்றிக் கொன்ட்ரோல் உள்ள புது வண்டிகளில் வீலின் நடு மாறினால் ஸ்ரியரிங் சென்சருக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும், அதைக் கணினி உள்ள இடத்தில்தான் செய்யலாம்.

அளவு சரி வந்ததும் என்ட்டின் தலை ஒரு பக்கம் சாயாமல் நடுவில் நிற்கப் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்குங்கள். றப்பர் உறை முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கிளிப்பைப் பூட்டுங்கள். பிறகு வேறு நிறப் பெயின்ற்றால் நட்டுக்கும் றொட்டுக்கும் குறுக்கே புதுக் கோடு போடுங்கள். நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு, இரண்டு பக்கமும் குனிந்து, அந்தக் கோடு உடையாமல் நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.